பொருட்பற்றும் நினைவும்: ஒரு போலி முரண்பாடு

“பொருள் அழியும், நினைவு நிலைக்கும். ஆதலாற் பொருளிற் பற்று வைத்தல் பேதைமை, அநுபவங்களைச் சேர்த்தலே அறிவுடைமை” என்னுங் கருத்து அண்மைக் காலத்திற் படித்தோர் மத்தியிற் பெருஞ் செல்வாக்குப் பெற்று வருகின்றது. மேடைகளிலும் வார வெளியீடுகளிலும் உளவளத்துணைக் கருத்தரங்குகளிலும் இது ஐயத்துக்கு இடமற்ற உண்மை போலவே எடுத்துரைக்கப்படுகின்றது. இதற்கு ஆதாரமாக ஒருபுறம் திருக்குறளின் துறவு அதிகாரமும் பட்டினத்தார் வாழ்வும் காட்டப்படுகின்றன. மறுபுறம் மேனாட்டு உளவியல் ஆய்வுகள் காட்டப்படுகின்றன. பழைமையும் புதுமையும் ஒருங்கே சான்று பகருங் கருத்தொன்றை மறுத்துரைப்பது எளிதன்று. எனினும், இக்கருத்து யாரால், யாரை நோக்கி, எந்தச் சூழ்நிலையிற் கூறப்படுகின்றது என வினவுமிடத்து அதன் தன்மை வேறாகத் தோன்றுகின்றது. வீட்டையும் வீட்டுப் பொருளையும் இழந்தோர் இலட்சக்கணக்கில் வாழும் இலங்கையில் இவ்வறிவுரை வெறுந் தத்துவமாக நின்றுவிடுவதில்லை.

முதற்கண் துறவு என்னும் வாதத்தை நோக்குவோர் ஓர் எளிய உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். துறத்தல் என்பது துறப்பவனின் செயல். பட்டினத்தார் செல்வத்தை விட்டு வெளியேறினார் என மரபு கூறுகின்றது. அவரிடமிருந்து அதை எவரும் பறித்ததாகக் கூறவில்லை. வள்ளுவரும் துறவைத் துறவறத்துக்குரிய அதிகாரங்களுள் வைத்தார். பொருட்பாலிற் பொருள் செயல்வகைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரத்தவர்க்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். நகையும் பணமும் வழியிற் பறிக்கப்பட, உடுத்த உடையோடு அவர்கள் புத்தளத்தை நோக்கிச் சென்றனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, வெளியேறுமாறு புலிகள் அறிவிக்க, வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியோரிற் பலர் ஒரு பையேனும் இன்றி வந்தனர். இவர்களுள் எவரும் துறவு பூண்டவரல்லர். பறிக்கப்பட்டவரை நோக்கிப் பற்றறுக்குமாறு போதிப்பது, களவு கொடுத்தவனைத் தானம் செய்தவனாகப் பாராட்டுவதை ஒக்கும். அப்பாராட்டினால் நன்மையடைபவன் கள்வனே.

இனி மேனாட்டு ஆய்வுகளை நோக்கலாம். 2003 இல் வான் போவன், கிலோவிச் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. பொருள் வாங்குவதிலும் அநுபவத்துக்குச் செலவிடுவதே மனிதர்க்குக் கூடிய மகிழ்ச்சி தருகின்றது என்பது அதன் முடிபு. அம்முடிபு பிழையென வாதிடவேண்டிய தேவையில்லை. ஆனால் அங்கு ஒப்பிடப்பட்டவை இரண்டு வகைச் செலவுகள். கையிற் பணமுள்ள ஒருவர் அதனைப் புதிய பொருளொன்றிற் செலவிடுவதா, பிரயாணத்திற் செலவிடுவதா என்பதே வினா. பேத்தியின் கைக்கு வந்து சேர்ந்த பாட்டியின் தையல் மெசின் இவ்விரு நிரல்களுள் எதிலும் அடங்காது. அது வாங்கப்பட்ட பொருளாக நின்றுவிடாமல், வாழப்பட்ட காலமாகவும் இருக்கின்றது. வாங்குவோனைப் பற்றிய ஆய்வைக் கொண்டு இழந்தோனுக்கு ஆறுதல் கூறுவது ஆய்வுக்குச் செய்யும் அநீதியுமாகும். “பொருள் வேண்டாம், அநுபவம் போதும்” என்னுஞ் சுலோகம் உல்லாசப் பிரயாணத் துறையின் விளம்பரங்களில் இன்று இடம்பெறுவதும் தற்செயலன்று. அநுபவமும் விலைச்சீட்டு ஒட்டப்பட்ட பண்டமாகிவிட்டது என்பதையே அது காட்டுகின்றது.

முற்போக்காளர் சிலரும் இவ்விடத்தில் எதிரணியோடு கைகோப்பதுண்டு. பொருளின் மீதான பற்றுப் பூர்சுவா மனோபாவம் என்றும், மார்க்சு பண்ட வழிபாட்டைக் கண்டித்தார் என்றும் அவர்கள் கூறுவர். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்சு ஆராய்ந்தது, சந்தையிலே பண்டங்கள் தம்முள் உறவாடுவன போலத் தோன்ற, அவற்றை ஆக்கிய மனிதரின் உறவு மறைந்துபோகும் நிலையையே. பொருளிலே மனித உழைப்பின் சுவடு அழிக்கப்படுவதை அவர் கண்டித்தார். அச்சுவட்டைப் போற்றுவதை அவர் கண்டிக்கவில்லை. அந்நூலின் தொடக்கத்தில் உதாரணமாக வருவது ஒரு மேலங்கி. அதனை எழுதியவர்க்கு மேலங்கியின் அருமை நன்கு தெரியும். தம் மேலங்கிகள் அடகுக் கடையில் இருப்பதால் வீட்டை விட்டு வெளியேற முடியவில்லை என 1852 பெப்ரவரியில் அவர் ஏங்கெல்சுக்கு எழுதினார். அடகுக் கடைக்காரனுக்கு அது இத்தனை சிலிங் பெறுமதியான துணி. மார்க்சுக்கு அதுவே வெளியுலகுக்கான வாயில். பயன் கருதியும் உறவு கருதியும் பொருளை நேசிப்பவன் பண்ட வழிபாட்டாளன் அல்லன். அதனை விலையாக மட்டுங் காண்பவனே அத்தகையோன்.

இவற்றினும் ஆழமான தவறொன்று அறிவுரையாளரின் அடிப்படை எடுகோளிலேயே உள்ளது. நினைவு உள்ளத்தில் உள்ளது, பொருள் புறத்தில் உள்ளது, ஆகவே ஒன்று போனாலும் மற்றது நிலைக்கும் என அவர்கள் கருதுகின்றனர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொறிஸ் ஹல்பவாக்ஸ் 1925 இலேயே நினைவு தனிமனித உடைமையன்று எனவும், அது சமூகச் சட்டகங்களிலே தங்கி நிற்பது எனவும் நிறுவினார். அவர் இறந்தபின் 1950 இல் வெளிவந்த நூலில், கூட்டு நினைவானது சூழவுள்ள இடங்களையும் பொருள்களையும் பற்றிக்கொண்டே நிலைபெறுகின்றது என்பதும் விளக்கப்பட்டுள்ளது. அமெரிக்கச் சமூகவியலாளர் கொஃப்மன் 1961 இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டும். சிறைகளும் மனநோய் மனைகளும் உள்ளே வருபவரின் சொந்தப் பொருள்களையே முதலிற் களைகின்றன. பொருள் களையப்பட்டவனிடத்தே முன்னைய ஆளுமையுங் களையப்படுகின்றது. அதிகாரத்துக்குத் தெரிந்த இவ்வுண்மை அறிவுரையாளர்க்குத் தெரியாதிருப்பது வியப்பே.

1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அந்நூல்களை வாசித்தோர் உயிருடன் இருந்தனர். அவர்தம் நினைவும் இருந்தது. “பொருள் தானே போயிற்று” என அன்று எவருங் கூறவில்லை. எரியும் நூலகத்தைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர்நீத்தார். துறவு பூண்ட குருவானவர் அவர். சொந்த உடைமையைத் துறந்த அவராற் பொதுவுடைமையின் அழிவைத் தாங்க முடியவில்லை. பின்னர் 2005 இல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணும் ‘நூலகம்’ திட்டம் தொடங்கப்பட்டபோது அதற்கு மூலப்பிரதிகள் எங்கிருந்து கிடைத்தன? இடப்பெயர்வின்போதும் கடதாசிக் கட்டுகளை எறியாது றங்குப்பெட்டியிற் பூட்டிக் காத்தோரிடமிருந்தும் கிடைத்தன. அன்று சுற்றத்தார் அவர்களைப் பைத்தியக்காரர் என்றே எண்ணியிருத்தல் கூடும்.

பொருள் நினைவுக்குத் துணையாக மாத்திரம் நிற்பதில்லை. அது சாட்சியாகவும் நிற்கின்றது. காணி உறுதியைத் தொலைத்த குடும்பத்துக்கு வேலியும் கிணறும் நன்றாகவே நினைவிலுள்ளன. ஆயின் கச்சேரியில் நினைவு செல்லுபடியாவதில்லை. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்திற் போராட்டம் தொடங்கினர். அவர்கள் கையிலிருந்தது புகைப்படம். மகனின் முகம் தாய்க்கு மறக்கக்கூடியதன்று. அவளுக்குப் படம் தேவையில்லை. அவன் வாழ்ந்தான் என்பதை ஏற்க மறுக்கும் உலகுக்கே அது தேவைப்படுகின்றது. அந்தத் தாயிடம் சென்று, படத்தைக் கீழே வைத்துவிட்டு நினைவோடு வாழுமாறு எந்த அறிவுரையாளராவது கூறத் துணிவாரா?

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. நினைவு தன்னை நினைப்பவனுக்குச் சாதகமாகவே பெரும்பாலும் பேசும். பழைய யாழ்ப்பாணத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளிலே திண்ணையும் சாய்மனைக் கதிரையும் மூக்குப்பேணியும் இனிமையாக வருகின்றன. அதே காலத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறாக ஒதுக்கப்பட்ட சிரட்டையும் போத்தலும் அக்கட்டுரைகளில் வருவதில்லை. 1960களின் பிற்பகுதியில் அக்கடைகளில் நுழைவதற்காகவே மக்கள் இரத்தஞ் சிந்திப் போராட வேண்டியிருந்தது. மூக்குப்பேணியையும் அந்தச் சிரட்டையையும் ஒரே மேசையில் அருகருகே வைத்தால், எந்த நினைவுக் கட்டுரையும் மறைக்க இயலாத வரலாறு அங்கே பேசும். பொருளை அகற்றிவிட்டு நினைவை மட்டும் வைத்துக்கொள்வது அக்காலத்து மேலோர்க்கு வசதியானது. ஏனையோர்க்கு அது இரண்டாம் இழப்பு.

இவ்வாறு கூறுவதனாற் பொருட்பற்று முழுவதும் நியாயப்படுத்தப்படுகின்றது எனக் கொள்ளலாகாது. சீதனச் சந்தையில் நிறுக்கப்படும் நகை, பிறர் பார்ப்பதற்காகக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கப்படும் அந்நியப் பொருள், குடியிருப்போர் இன்றியே மாடிமேல் மாடியாக உயரும் வீடு ஆகியவற்றின் மீதான பற்றை எவரும் ஆதரிக்க முடியாது. அங்கு பொருள் வாழ்க்கையின் சுவடாக இல்லாமல், அந்தஸ்தின் அளவுகோலாக உள்ளது. கண்டிக்கப்பட வேண்டியது அதுவே. ஆனால் துறவுபதேசம் அத்தகையோர் வாசலுக்குப் போவதில்லை. மீள்குடியேற்றக் கிராமத்துக் குடிசைக்கே போகின்றது. உடையோரிடம் கூறப்படவேண்டிய அறிவுரை இழந்தோரிடம் கூறப்படுவதுதான் இதன் அவலம்.

ஆகவே பொருளா, நினைவா எனத் தெரிவு செய்யுமாறு கேட்பதே பிழையான கேள்வி. எது யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, அது எவ்வாறு மீளளிக்கப்படும், எஞ்சியவை எவ்வாறு பேணப்படும் என்பனவே கேட்கப்பட வேண்டியவை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழாவெடுத்துப் பண்பாட்டின் பெருமையைப் பேசுகின்றன. அவ்விழாச் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு ஒவ்வொரு கிராமத்திலும் எஞ்சியுள்ள கடகம், திரிகை, கொட்டப்பெட்டி, கடிதம், கையெழுத்துச் சஞ்சிகை ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றையும் செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், தொட அனுமதிக்கப்படாதவர் யார் என்று முதியோரைக் கேட்டு எழுதிவைக்கலாம். அம்முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களுக்குப் பின்னர், பெயர் தெரியாத பொருளும் பொருளற்ற நினைவும் மாத்திரமே எஞ்சும். அப்போது அறிவுரையாளர் கூறியது மெய்யாகிவிடும்: இழந்ததற்கு எந்தச் சாட்சியும் இராது.