பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம்: நோயறியாமல் மருந்து வாங்கும் வழக்கம்

எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோரின் அன்றாட ஓட்டம் இன்றும் 1990களிலும் 2000ஆம் ஆண்டை அண்டியும் ஜப்பானிலிருந்து வந்த பெற்றோல் கார்களிலேயே நடக்கிறது. கொரோலா 110, சனி, லான்சர், சிவிக் என்று அவற்றின் பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில், கையில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வழி திறந்த பின்னரும், வரிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சிறு வியாபாரிக்குப் புதிய வண்டி எட்டாக்கனிதான். எனவே பழைய வண்டியைப் பராமரிப்பதும் எமது வியாபாரக் கணக்கில் ஒரு முக்கிய அம்சமாகிவிட்டது.

இந்த வண்டிகளுக்கு வரும் நோய்களில் மிகவும் பொதுவானது ஒன்று உண்டு. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். அக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வண்டி நகரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுவை போதாமல் உதறும். பெற்றோல் பாவிப்பும் கூடும். இந்த நோய் வந்தவுடன் நாம் செய்வது என்ன? கராஜுக்குப் போகிறோம். "முதலாளி, முதல்ல பிளக்க மாத்திப் பாப்பம்" என்கிறார் பாஸ். பிளக் மாறுகிறது, நோய் மாறவில்லை. அடுத்து கொயில், பிறகு இன்ஜெக்டர், அதன் பிறகு பெற்றோல் பம்ப், கடைசியில் கம்பியூட்டர் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓட்டம். பாவித்த மின்பாகத்தைப் பொருத்திய பின்னர் கடைக்காரர் திருப்பி எடுப்பதும் அரிது. முடிவில் ஒரு சிறிய இறப்பர் குழாயின் வெடிப்புத்தான் காரணம் என்று தெரியவந்தால், அதுவரை செலவழித்த பணத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

குற்றம் யாரிடம்?

இதற்கு மெக்கானிக்மாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு மணித்தியாலம் செலவழித்து ஒரு குழாயின் வெடிப்பைக் கண்டுபிடிப்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "ஒரு டியூப்தானே மாத்தினீங்க" என்று சொல்லி, தேநீர்ச் செலவுக்குக் காணாத ஒரு தொகையை நீட்டுகிறோம். ஆனால் நான்கு இன்ஜெக்டரை மாற்றியவருக்கு, நோய் தீராவிட்டாலும், பாகத்தின் விலையையும் கூலியையும் முழுமையாகக் கொடுக்கிறோம். அறிவுக்குக் கூலி இல்லை, பொருளுக்குத்தான் கூலி என்று நாமே விதி வைத்துவிட்டால், கராஜ்காரர் பொருளை விற்கத்தான் பழகுவார். இந்தப் பழக்கத்தை உருவாக்கியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்தான் என்பதே எனது கருத்து.

கடையில் இலாபம் குறைந்தால் உடனே புதுச் சரக்கு இறக்குவதில்லை. முதலில் கணக்கைப் பார்க்கிறோம், எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறோம். வண்டி விடயத்திலும் அதே ஒழுங்குதான் தேவை.

எஞ்சினின் கணக்கு

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டியவை நான்குதான்: சரியான அளவு காற்று, அதற்கேற்ற பெற்றோல், உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. அந்த அளவை வைத்துக் கம்பியூட்டர் பெற்றோலைக் கணக்கிட்டுத் தெளிக்கிறது. அளவு பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். தராசு பிழையென்றால் வியாபாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் பயனில்லை அல்லவா? அதைப் போலத்தான், நல்ல இன்ஜெக்டரும் நல்ல பம்பும் இருந்தும் எஞ்சின் நடுங்கும்.

இங்கே வண்டிக்கு வண்டி வேறுபாடும் உண்டு. சனி போன்றவற்றில் காற்றோட்டத்தையே சென்சர் நேரடியாக அளக்கிறது. அதைத் தாண்டிய இடத்தில் குழாய் வெடித்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து, பெற்றோல் போதாமல் எஞ்சின் உதறும். 5ஏ எஞ்சின் கொரோலாவில் உள்ள சென்சர் அளப்பது உள்குழாயின் அழுத்தத்தை. அங்கே அதே வெடிப்பு, எஞ்சினின் ஓய்வு வேகத்தைக் கூட்டும், அல்லது ஏற்றி இறக்கும். ஒரு வண்டியில் கண்ட அனுபவத்தை இன்னொன்றில் அப்படியே பொருத்தினால் தவறும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

செலவில்லாத சோதனைகள் முதலில்

முதல் சோதனை உரிமையாளரின் கையில் இருக்கிறது. எப்போது உதறுகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். காலையில் குளிரில் மட்டுமா, சூடேறிய பின்னரா? நிற்கும்போதா, ஏற்றத்திலா? ஏசி போட்டாலா, மழை நாளிலா? மழையில் மட்டும் உதறினால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி போன்ற தீப்பொறிப் பக்கம்தான் முதல் சந்தேகம். ஏற்றத்தில் மட்டும் திணறினால் பெற்றோல் அழுத்தம், அடைபட்ட பில்டர், பலவீனமான கொயில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் நடுங்கினால், புகையடைந்த த்ரொட்டில் பகுதியும், ஓய்வு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும், வெடித்த காற்றுக் குழாய்களும் முன்னால் வரும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கை. வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தவுடன் அதை டேஷ்போர்டுக்குள் தள்ளிவிடுகிறோம். உண்மையில் அது பணம் கொடுத்து வாங்கிய வைத்திய அறிக்கை. அதில் காபன் மொனொக்சைட்டின் அளவு கூடியிருந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று பொருள். அது சாதாரணமாக இருந்து ஹைட்ரோகாபன் மட்டும் கூடியிருந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். கராஜுக்குப் போகும்போது, கிடைத்தால் சென்ற ஆண்டின் தாளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, வண்டியே சொல்லும் கோட். அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் ஸ்கேனர் கூடத் தேவையில்லை. பொனட்டுக்குக் கீழுள்ள சோதனைப் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிக் கோட்டைச் சொல்லும். எனினும் கோட் என்பது தீர்ப்பல்ல, சாட்சி மட்டுமே. ஒட்சிசன் சென்சரின் பெயரைச் சொல்லும் கோட்டுக்குக் காற்றுக் கசிவும் காரணமாகலாம். அதேபோல, கோட் எதுவும் இல்லை என்பதால் வண்டியில் பிழை இல்லை என்றும் ஆகாது. தேய்ந்த பிளக்கையோ, குறைந்த பெற்றோல் அழுத்தத்தையோ அக்காலத்துக் கம்பியூட்டர்கள் பொதுவாகக் கண்டுபிடிப்பதில்லை.

அளந்து பார்க்கும் சோதனைகள்

இதன் பிறகுதான் கருவிகள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் வேகம் குறையவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை கைக்கும் ஆபத்து, இக்னைட்டருக்கும் ஆபத்து. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உள்ள வண்டியில், சந்தேகமான கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். நோயும் கூடவே இடம் மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள டொயோட்டாக்களில் பிளக் வயர் ஒன்றின் தடை 25 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது. 5ஏ, 4ஏ வகை டொயோட்டா எஞ்சின்களில், ரெகுலேட்டரின் வெக்குவம் குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது பெற்றோல் அழுத்தம் ஏறத்தாழ 38 முதல் 44 பீ.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். இந்த ஒரு அளவு பம்பைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும், அல்லது அதன் மேல் குற்றத்தை உறுதிப்படுத்தும். எப்போதும் கால் தாங்கிக்கும் குறைவாகப் பெற்றோல் வைத்து ஓடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெற்றோல்தான்.

எஞ்சின் சூட்டை அறிவிக்கும் சென்சர் சிறியது, விலையும் குறைவு. ஆனால் அது பழுதாகி, சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று அறிவித்தால், கம்பியூட்டர் தேவைக்கு மிஞ்சிப் பெற்றோல் தெளிக்கும். பிளக் கரியேறும், கறுப்புப் புகை வரும். அக்ஸிலேட்டரோடு சேர்ந்து அசையும் த்ரொட்டில் சென்சர், வழமையாக நிற்கும் இடத்தில் தேய்ந்துவிட்டால், மிதித்த கணத்தில் தயக்கம் வரும். இவை இரண்டையும் ஒரு சாதாரண மல்டிமீற்றரால் சோதிக்கலாம். இத்தனையும் சரியாக இருந்து நோய் நீடித்தால் சிலிண்டர் அழுத்தத்தை அளக்க வேண்டும். அங்கே குறை இருந்தால் மேலே எத்தனை புதுப் பாகம் பூட்டினாலும் பயனில்லை.

நாம் மாற வேண்டிய இடம்

வர்த்தக சகோதரர்கள் இது விடயத்தில் சில நடைமுறைகளைக் கைக்கொள்வது நல்லது. வண்டியை ஒப்படைக்கும்போதே, பிழையைக் கண்டுபிடிப்பதற்கான கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும் அந்தக் கூலியை மனமுவந்து கொடுங்கள். ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், "எந்தச் சோதனையில் இது பழுதென்று தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது நல்ல நிலையில் இருந்தால் மறுநாள் உதவும். எல்லாவற்றையும் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கராஜ் நடத்தும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அழுத்தமானி, மல்டிமீற்றர், வெக்குவம் மீற்றர் ஆகிய மூன்றும் உங்கள் கராஜின் தராசுகள். அளந்து சொல்பவரின் சொல்லுக்குச் சந்தையில் எப்போதும் மதிப்புண்டு. ஊகத்தில் பாகம் மாற்றுபவர் ஒரு வாடிக்கையாளரிடம் ஒருமுறை சம்பாதிக்கலாம், ஆனால் அந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறை வருவதில்லை.

வண்டி ஒரு நாள் கராஜில் நின்றால் விநியோகமும் வசூலும் ஒரு நாள் நிற்கின்றன. பில்லில் எழுதப்படாத அந்த நட்டம்தான் பல வேளைகளில் பாகத்தின் விலையைவிடப் பெரியது. ஆகவே, பஞ்சிகாவத்தைக்குப் புறப்படுவதற்கு முன்னர் பிழை எங்கே என்று அளந்து அறிந்துகொள்வோம். கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல, அது நட்டத்தைத் தடுக்கும் முதலீடாகும்.