சிறு சொற்களின் பெருங் குழப்பம்

ஆங்கிலங் கற்கும் நம் பிள்ளைகள் அஞ்சுவதெல்லாம் நீண்ட சொற்களுக்கே. பதினைந்து எழுத்துள்ள சொல்லொன்றைக் கண்டால் அகராதியைத் தேடி ஓடுவர். ‘லெற்’, ‘ஹாவ்’, ‘ரேபிள்’ போன்றவற்றையோ, பாலர் வகுப்பிற் படித்தவை தாமே என்று ஏறெடுத்தும் பாரார். ஆளை ஏமாற்றுவன இச்சிறு சொற்களே.

நாம் விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்கிறோம். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது அமங்கலம். இதனையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி ஓர் ஆங்கிலேயர் வீட்டிற் கூறினால், அவர் கதவைத் திறந்துவைத்து நம் வரவுக்குக் காத்திருத்தலுங் கூடும்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரும் இதற்கு விலக்கல்லர். ஒரு விஷயத்தை ‘ரேபிள்’ செய்தல் என்றால், இங்கிலாந்திலே அதனைச் சபைமுன் வைத்து ஆராய்தல். அமெரிக்காவிலோ அதனை ஒத்திப் போடுதல். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரு நாட்டுப் படைத்துறையினரும் கூடியிருந்தபோது, பிரித்தானியர் அவசர விஷயமொன்றை ‘ரேபிள்’ செய்யவேண்டும் என்றனர். அமெரிக்கர் கூடாது என்றனர். நெடுநேரங் கசப்போடு வாதாடிய பின்னரே இரு பகுதியாரும் விரும்பியது ஒன்றேயென்பது தெரியவந்ததாம். தமது யுத்த வரலாற்று நூலிலே சேர்ச்சில் இதனைக் குறித்துள்ளார்.

அங்கே வீணானது நேரம் மாத்திரமே. கொரியாவில் நிகழ்ந்தது வேறு. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றருகே பிரித்தானியப் படையணியொன்றைச் சீனப் படைகள் பெருந்தொகையாய்த் தாக்கின. அணித்தலைவர் பிரோடி, தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதியிடம், நிலைமை ‘எ பிற் ஸ்ரிக்கி’ என்றாராம். ‘ஸ்ரிக்கி’ என்றால் பிசுபிசுப்பு. துன்பத்தைச் சுருக்கிச் சொல்லுதல் ஆங்கிலக் கனவான்களின் வழக்கம். வீடு பற்றியெரிந்தாலும் சிறிது வெப்பமாயிருக்கிறது என்பர். அமெரிக்கரோ, சமாளிக்கத்தக்க நிலையென்றே கொண்டார் என்பர். குளொஸ்ரர் படைப்பிரிவு சுற்றி வளைக்கப்பட்டு, ஐந்நூறு பேருக்கு மேல் சிறைப்பட்டனர். இவ்வளவுக்கும் அவ்வொரு சொல்லே காரணமென்பது மிகை. ஆயினும் அபாயத்தில் அகப்பட்டவன் நாகரிகம் பார்த்துப் பேசலாகாது.

இவை யாவினும் என் மனத்தை உறுத்துவது இலண்டனை அடுத்த குறோய்டன் நகரிலே 1952 நவம்பர் 2ஆந் திகதி இரவு நடந்ததாகும். கிறெய்க் என்னும் பதினாறு வயதினனும், பென்ற்லி என்னும் பத்தொன்பது வயதினனும் களவெடுக்கும் நோக்குடன் ஒரு பண்டசாலைக் கூரைமீது ஏறினர். துப்பாக்கி கிறெய்க்கின் கையில். பொலிசார் பென்ற்லியைப் பிடித்தபோது அவன் கிறெய்க்கை நோக்கி, ‘லெற் ஹிம் ஹாவ் இற்’ என்று கூவினான் என்பது பொலிசாரின் சாட்சியம். ‘அவருக்கு அதைக் கொடு’ என்பது இதன் நேர்ப்பொருள். ‘அது’ எது? துப்பாக்கியா? குண்டா? துப்பாக்கியைக் கேட்கும் பொலிசாரிடம் கொடுத்துவிடு என்றுங் கொள்ளலாம்; சுடு என்றுங் கொள்ளலாம். ‘இற்’ என்ற சுட்டுப்பெயரொன்று இரு பக்கமுஞ் சாய்கிறது. அப்படியொரு வார்த்தை பேசப்படவேயில்லையென இருவரும் மறுத்தனர்.

கிறெய்க்கின் குண்டுக்கு ஒரு பொலிஸ்காரர் பலியானார். அப்போது பென்ற்லி பொலிசாரின் பிடியில் இருந்தான். சுட்டவன் சிறுவனாகையால் சிறை சென்று 1963இல் வெளிவந்தான். எழுத வாசிக்கத் தானும் நன்கறியாத பென்ற்லியோ 1953 ஜனவரி 28ஆந் திகதி தூக்கிலிடப்பட்டான். அந்தச் சுட்டுப்பெயர் எதனைச் சுட்டிற்றென்று இலக்கண ஆசிரியன் எவனாலுஞ் சொல்ல இயலாது. யூரிமார் எப்படித்தான் துணிந்தனரோ!

அவனுடைய சகோதரி ஐரிஸ் நாற்பதாண்டுக்கு மேல் வழக்கை விடாது நடத்தினார். நீதிபதி யூரிமாருக்குக் கூறிய தொகுப்புரை நேர்மையற்றது என்று கண்ட மேன்முறையீட்டு மன்று, 1998 ஜூலை 30ஆந் திகதி தீர்ப்பை நீக்கிற்று. ஐரிஸ் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.