நெகட்டிவும் ஒரு சுவடியே

ஹாஸல்பிளாட், ரோலிஃபிளெக்ஸ், மாமியா என்னும் பெயர்களை மந்திரம்போல் உச்சரிக்கும் கூட்டம் ஒன்று அண்மைக் காலமாகப் பெருகி வருகிறது. பழைய கேமராக்களை வாங்கட்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. அவை பொறுமையைப் போதிக்கின்றன, வாழ்வை மெல்ல நோக்கச் செய்கின்றன என்று ஞானோபதேசம் செய்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம். கருவியைச் சாமியாராக்கிவிட்டால் அதைக் கற்க வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறதல்லவா?

இங்கே நோணாங்குப்பத்தில் நண்பர் சிலர் சேர்ந்து ஹாஸல்பிளாட் 500சி/எம் ஒன்றைப் பழகி வருகிறோம். 1970இல் வெளிவந்த வகை அது. உடல், லென்ஸ், சுருள்பெட்டி, மேலிருந்து குனிந்து பார்க்கும் நோக்காடி ஆகிய நான்கும் தனித்தனியே கழலும். சுருள்பெட்டியின் மறைப்புத் தகட்டை உருவாமல் பொத்தானை அழுத்த இயலாது. தகட்டைச் செருகாமல் பெட்டியைக் கழற்ற இயலாது. உடலும் லென்ஸும் முறுக்கேறிய நிலையில் இருந்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தும். படம் எடுத்தபின் அடுத்த முறுக்கு வரை நோக்காடி இருண்டே கிடக்கும். நிலைமொழி ஈற்றையும் வருமொழி முதலையும் பார்த்துப் பார்த்துப் புணர்ச்சி விதி கற்பிக்கும் நமக்கு இவ்வொழுங்கு அயலாகத் தோன்றவில்லை. இதில் தியானம் ஏதுமில்லை. உழைத்துப் பிழைக்கும் படக்காரரின் சுருள் வீணாகாதிருக்கச் செய்த ஏற்பாடு இது, அவ்வளவே.

இது நமக்குப் புதிதுமன்று. 1901இல் கோடாக் கொணர்ந்த 120 சுருளைத்தான் இக்கருவியும் உண்கிறது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். அதே சுருளை அதே அளவில் உண்டதுதான் இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஆக்ஃபா கிளிக் 3. நம் தந்தையர் காலத்து வீடுகள் பலவற்றில் அது இருந்தது. ஸ்டுடியோக்களில் யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் இருந்தன. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் பிலிம் செய்தது. நலிவுற்று இன்று மூடிக் கிடக்கிறது. 1969இல் நிலவுக்குப் போன ஹாஸல்பிளாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவல்ல அன்பர்கள் உதகை ஆலையைப் பற்றி ஒரு வரி சொல்ல அறியார்!

கருவியைக் கற்பதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சதுர நெகட்டிவின் பக்கம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். பரப்பில் 35 மில்லிமீட்டர் பிலிமின் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அதனால்தான் ஸ்டுடியோக்காரரால் அதன்மேல் பென்சில் கொண்டு முகத் தழும்பை மறைக்க முடிந்தது. வாடிக்கையாளரிடம் போனதோ நீள்சதுரப் படம். சதுரத்தின் ஓரங்கள் வெட்டுண்டன. திரையின் விளிம்பு, குழந்தையைத் தாங்கும் தாயின் கை, விளக்கைப் பிடித்து நிற்கும் பையன் முதலிய யாவும் நெகட்டிவில் மட்டுமே எஞ்சியிருக்கக் கூடும். நெஞ்சுக்குக் கீழே கேமராவைப் பிடித்துக் குனிந்து பார்த்து எடுத்ததால் பழைய கல்யாணப் படங்களில் மாந்தர் சற்றே உயர்ந்து நிமிர்ந்து தோன்றுவர். அந்த மிடுக்கில் ஒரு பங்கு நோக்காடியினுடையது. கருவியைக் கையாண்டு பாராதவர் இதை எங்ஙனம் காண்பார்?

'வீட்டில் படம் இருக்க நெகட்டிவ் எதற்கு?' என்று கேட்கிறார்கள். அச்சு நூல் இருக்கச் சுவடி எதற்கு என்று தமிழ் படித்த எவரும் கேளார். பதிப்பாசிரியர் விட்டதும் திருத்தியதும் சுவடியைக் கண்டாலன்றி விளங்கா. உ.வே.சா. ஊர் ஊராய் அலைந்தது சுவடிகளைத் தேடித்தானே! நெகட்டிவ்களோ பழம்பொருள் வாங்குவோரிடமும் வெள்ளி பிரிப்போரிடமும் எடைக்குப் போயின. எஞ்சியவற்றைக் கடற்காற்றின் ஈரம் தின்கிறது. அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளித்த காடி நாற்றம் வீசத் தொடங்கும், பிறகு சுருங்கும், படிமம் தாங்கிய மேற்பூச்சு கிளம்பும். அதற்கு மருந்தில்லை, தாமதப்படுத்தவே இயலும்.

முயன்றோர் இலர் என்று சொல்லோம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மியாக்கினர். ஒரு நிறுவனம் எத்தனை ஊர்களுக்குப் போகும்? நம் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் இணையரை நிறுத்தி ஒரு முற்பகலில் எடுத்துக் குவிக்கும் படங்கள், பழைய ஸ்டுடியோக்காரர் முகூர்த்த மாதம் முழுதும் எடுத்தவற்றினும் மிகுதியாகவே இருக்கும். டிஜிட்டல் தாழ்ந்தது என்பதன்று நம் கட்சி. கல்யாணத்துக்கு அதுவே நன்று. பெருந்தொகை கொடுத்துப் பழங்கருவி வாங்கியவர், அதைக் கொண்டு பிழைத்த முதியவரை ஒரு முறையேனும் போய்ப் பார்த்தாரா என்பதே நம் வினா. சுருள் கழுவும் பக்குவமும் திருத்தும் பென்சிலின் கூர்மையும் அவர் விரலில் இருக்கின்றன. விற்பனைக் கையேட்டில் இல்லை.

ஆதலின் புதுவை, கடலூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மூடிய ஸ்டுடியோவின் பெட்டி கண்ணில் பட்டால் எடைக்குப் போகவிடாதீர். நெகட்டிவை ஓரம் பிடித்தே எடுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், அமிலமற்ற காகிதத்தில் ஒவ்வொன்றாக மடித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். காடி நாற்றம் வீசுவனவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். உறைமேல் ஊர், ஸ்டுடியோ, தெரிந்தவரை ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். மை வேண்டாம்.