ஜிம் வாசலில் நம்மைத் தடுப்பது ஹயாவா?

ஓராண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மூன்றே நாட்களில் ஜிம்முக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? என் வாப்பாவும் அவர்களில் ஒருவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு உடற்பயிற்சியும் வேண்டுமென்று மருத்துவர் வற்புறுத்தியதால், 58 வயதில் சேர்ந்தார். கால்களால் எடையைத் தள்ளும் கருவியில், முன்பு பயன்படுத்தியவர் விட்டுச் சென்ற எடையைக் குறைக்கத் தெரியாமல் திணறினார். இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். "அங்கே போக வெட்கமாக இருக்கிறதும்மா" என்றார். அத்தோடு முடிந்தது.

வெட்கம் ஈமானில் உள்ளதுதானே என்று மாமா ஒருவர் அதற்கு மார்க்க முத்திரையும் குத்தினார். இதைத்தான் மறுக்கிறேன். ஹயா மனிதனைப் பாவத்தின் முன் நிறுத்துவது. நன்மையின் முன் நிறுத்துவதற்குப் பெயர் ஹயா அன்று, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். மார்க்க விளக்கம் கேட்க நாணம் தடையாக இல்லாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! குளிப்புக் கடமை பற்றியே அப்பெண்கள் கூசாமல் கேட்டார்கள். "தம்பி, இதை எப்படி மாற்றுவது?" என்று கேட்க நமக்கென்ன கூச்சம்?

கற்க வேண்டியதோ மிகச் சிறிது. எடைத் தட்டுகளில் செருகியிருக்கும் பின்னை உருவி மேல் துளையில் போட்டால் எடை குறையும். ட்ரெட்மில்லில் தொங்கும் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், தடுமாறி விலகும்போது ஓட்டம் நின்றுவிடும். கருவிகள் பலவற்றில் செய்முறை படமாகவே ஒட்டப்பட்டிருக்கிறது. இதைக் காட்டிக்கொடுக்கவும் "பர்சனல் டிரெய்னிங்" கட்டணம் கேட்கும் ஜிம்கள் வெட்கப்பட வேண்டும். காயமின்றிக் கருவியைக் கையாளக் கற்றுத் தருவது சேர்க்கைக் கட்டணத்துக்குள் அடங்கிய கடமை.

நடந்தால் போதாதா என்பார்கள். போதாது. வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல்.

பெண்களின் தயக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கண்ணாடிகளும் கைப்பேசிக் கேமராக்களும் சூழ்ந்த கூடத்தில் புர்காவோடு நுழைபவளின் தயக்கம் நியாயமானது. பெண் பயிற்சியாளர், தனி நேரம், படமெடுக்கத் தடை ஆகியவற்றைப் பணம் கட்டும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், சகோதரிகளே.

சிரித்த அந்த இருவரும் அயலார் அல்லர். ஜும்ஆவில் என் வாப்பாவுக்கு ஸலாம் சொல்பவர்கள்தாம். பள்ளிவாசலில் முதியவருக்கு நாற்காலி எடுத்துப் போடும் கை, ஜிம்மில் ஏன் நீளவில்லை? தம்பிகளே, ஆண்கள் நேரத்தில் நான் உடன் செல்ல இயலாது. வாப்பாவின் சந்தா இன்னும் ஏழு மாதங்கள் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, அவரை உங்களோடு அழைத்துச் செல்லுங்கள்.