முதல் எரரைப் படியுங்கள்

"சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வதெல்லாம் நமக்கு ஆகாது சார், அது பெரிய ஆட்கள் வேலை." லினக்ஸ் கற்க வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது வெறும் தவறான எண்ணம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இது, கட்டற்ற மென்பொருள் நமக்குத் தந்திருக்கும் உரிமையை நம் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைக்கிறது, அதனால்தான் எதிர்க்கிறேன்.

உபுண்டு 22.04-இல் பைத்தானைக் கம்பைல் செய்தாள் ஒரு மாணவி. கான்ஃபிகர் ஓடியது, மேக் ஓடியது, வேலை முடிந்தது போலத்தான் இருந்தது. பிப் கொண்டு ஒரு தொகுப்பை இறக்கப் போனபோது, எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று நின்றுவிட்டது. சோர்ஸே பழுது என்று சொல்லி ஃபோல்டரை அழிக்கப் போனாள். தடுத்து, டெர்மினலை மேலே நகர்த்தச் சொன்னேன். தேவையானவை கிடைக்காததால் கட்ட முடியாத மாட்யூல்கள் என்று ஒரு பட்டியல் அங்கே கிடந்தது. எஸ்எஸ்எல் அதில் இருந்தது.

"ஆனா ஓபன்எஸ்எஸ்எல் ஏற்கெனவே இருக்கே சார்?" என்றாள். இருந்தது உண்மைதான். குழப்பம் முழுக்க இந்த இடத்தில்தான் பிறக்கிறது. டெபியனும் உபுண்டுவும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்து வைக்கின்றன. ஓபன்எஸ்எஸ்எல்லில், ஓடும் நிரலுக்குத் தேவையானது லிப்எஸ்எஸ்எல்3. கம்பைல் செய்பவருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள், அதாவது எந்த ஃபங்ஷனுக்கு என்ன தர வேண்டும் என்ற விவரம், லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற தனித் தொகுப்பில். ஃபெடோராவில் இதே பிரிவுக்கு 'டெவெல்' என்று வால் இருக்கும். கம்பைல் செய்யாதவரின் டிஸ்க்கில் ஹெடர் எதற்கு என்பதுதான் காரணம். அந்த ஒரு தொகுப்பை நிறுவி, கான்ஃபிகரை மறுபடி ஓட்டி, மேக் கொடுத்தாள். பிப் வேலை செய்தது. இதில் மேதைமை எங்கே வந்தது?

படிக்காமல் பயப்படுகிறவர்கள்தான் ஆபத்தான வழிக்குப் போகிறார்கள். ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து லைப்ரரி கோப்பை இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடுகிறார்கள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1 கேட்கும் நிரலுக்கு 3-ஐ அந்தப் பெயரில் சிம்லிங்க் செய்து ஏமாற்றப் பார்க்கிறார்கள். அந்த எண் அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல. உள்ளே இருக்கும் ஒப்பந்தம் மாறிவிட்டது என்பதன் அறிவிப்பு. சூடோ போட்டு அதை மீறினால், சேதம் அந்த ஒரு நிரலோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சில சமயம் உண்மையிலேயே கடினம்தான். டிஸ்ட்ரோவில் இருப்பதைவிடப் புதிய பதிப்பை மென்பொருள் கேட்டால், அந்த லைப்ரரியையும் தனியே கட்ட வேண்டிவரும். தேவைப்பட்டியல் எழுதாமல் "மேக் கொடுங்கள்" என்று மட்டும் ரீட்மீயில் எழுதி வைக்கும் டெவலப்பர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நான் பார்த்த தடங்கல்களில் பெரும்பாலானவை ஒரு டெவ் தொகுப்போடு தீர்ந்தவை.

அடுத்த முறை கம்பைல் நின்றால் மேக்கின் கடைசி வரியைக் காப்பி செய்து தேடாதீர்கள். மேலே ஏதோ தோற்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. மேலே போய் முதல் எரரைப் படியுங்கள். கான்ஃபிகரே நின்றுவிட்டால் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறங்கள். எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் பெயரோடு எழுதியிருக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பெயரை ஏபிடி-ஃபைல் என்ற கட்டளையிடம் கொடுத்தால், எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும்.