பங்குனித் தளிர்

நாள்காட்டியின்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. மரங்களோ அதுவரை காத்திருப்பதில்லை. மாசியில் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டு, பங்குனியிலேயே புதுத் தளிர் பூணத் தொடங்குகின்றன. புங்கும் அரசும் துளிர்க்க, வேம்பு பூத்து மணக்க, சந்நிதிக்கு வெளியேயும் ஒரு திருவிழா நடைபெறுகிறது. அதைக் காணச் சற்றே நின்று பார்க்கும் கண்கள் போதும்.

திருவண்ணாமலையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாகப் பௌர்ணமிதோறும் துணைவியாருடன் கிரிவலம் வந்தவர். 14 கிலோமீட்டர் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திக்கு லிங்கங்களையும் இருவரும் வணங்கி வருவார்கள். எம லிங்கத்தைக் கடந்ததும் சாலையோரத்து அரசமரத்தடியில் அம்மையார் சற்று அமர்வார். முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் கற்கண்டில் ஒரு துண்டைக் கணவருக்குக் கொடுத்த பிறகே நடை தொடரும்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசியில், அம்மையார் சிவபதம் அடைந்தார். அதன்பின் ஆசிரியர் கிரிவலம் செல்லவில்லை. வாசலில் நின்றால் மலை தெரியும். ஆதலால் வாசலுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். காலையில் விளக்கேற்றுவார், திருநீறு அணிவார். மனம் மட்டும் எதிலும் ஒட்டவில்லை.

மாசி மாதத்தில் ஊருக்கு வந்த பேரன், தன் பழைய கைப்பேசியை அவர் கையில் கொடுத்தான். "தாத்தா, பாட்டி உட்காருவார்களே, அந்த அரசமரம்... அதைத் தினமும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்" என்றான். பேரன் சொல்லைத் தட்ட அவரால் இயலவில்லை. இல்லத்திலிருந்து அம்மரம் கால் மணி நேர நடைதான்.

முதல் சில நாட்கள் கடமைக்காகவே சென்றார். ஒரு படத்தில் விரல் மறைத்தது. மற்றொன்றில் மரம் சாய்ந்து நின்றது. படம் நன்றாக அமைய, காற்று அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. வெயில் எந்தக் கிளையில் முதலில் விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு நின்ற வேளைகளில் கிளிகளின் ஒலி காதில் விழுந்தது. நெடுநாள் கழித்து விழுந்தது.

இலைகள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டே வந்தன. ஒரு நாள் மரம் முற்றிலும் மொட்டையாக நின்றது. அந்தப் படத்தை அனுப்பிவிட்டு, "இனி எடுப்பதற்கு ஒன்றுமில்லையப்பா" என்று பேரனிடம் கூறியவர், நான்கு நாட்கள் வெளியே செல்லவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை என்பது பேரனுக்குப் புரிந்தது. ஐந்தாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தான். "அந்தக் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தாத்தா."

ஆசிரியர் இரு விரல்களால் படத்தை விரித்தார். மொட்டை என்று அவர் எண்ணிய ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஊசிபோல் கூரிய குருத்து ஒன்று நின்றது. அன்று மரத்தடியில் நின்றபோது அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று அவர் திரும்பிய நாளிலேயே, மரம் அடுத்த இலைகளைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் விடியலில் அவர் சென்றபோது குருத்துகள் அவிழ்ந்து, செம்பு நிறத் தளிர்கள் இளவெயிலில் அசைந்துகொண்டிருந்தன. அவர் உடனே படம் எடுக்கவில்லை. அம்மையார் அமரும் இடத்தில் அமர்ந்து, அழுது ஓய்ந்தபின், மலையை நோக்கிக் கைகூப்பினார். அன்று வீட்டுக்குத் திரும்பாமல் நிருதி லிங்கம்வரை நடந்தார். சித்திரா பௌர்ணமியன்று, பலமுறை அமர்ந்து இளைப்பாறி, கிரிவலத்தை நிறைவு செய்தார்.

உதிர்ந்த இலைகள் மீண்டும் கிளைக்கு வரவில்லை. அவை வேரடியில் மக்கி மண்ணாயின. பிரிந்தவரும் அவ்வாறே திரும்புவதில்லை. ஆயினும் அவர் தந்த அன்பு வேருக்குள் இறங்கி, எஞ்சிய வாழ்வுக்கு உரமாகிறது. விருட்சங்களுள் தாம் அரசமரம் என்று கண்ணபிரான் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் அருளியதும் இங்கே எண்ணத்தக்கது. தரிசனம் என்ற சொல்லுக்குக் காணுதல் என்பதே பொருள். கருவறையில் படம் எடுத்தல் ஆகாது. அங்கே கண்ணும் மனமும் போதும். வெளியிலோ, ஒரு படத்துக்காக நிற்கும் சில கணங்களும் தரிசனமாகக்கூடும்.

முதியோர் அனைவராலும் மலையை வலம் வர இயலாது. கோயில் நந்தவனமோ, தலவிருட்சமோ, தெருமுனை வேம்போ போதுமானது. வெயில் ஏறுமுன், தேவையானால் ஊன்றுகோலுடனும் துணையுடனும் சென்று, தளிரைக் கிள்ளாமல், ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று நாள்தோறும் பார்த்து வரலாம்.

ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில், அம்மையாரின் படத்துக்கு அருகே இப்போது இரு படங்கள் உள்ளன. ஒன்றில் தளிர்த்த மரம். மற்றொன்றில் மொட்டை மரம். வருவோர் தளிரின் அழகைப் புகழ்கிறார்கள். அவரோ மொட்டைக் கிளையின் நுனியை விரலால் சுட்டிக்காட்டுகிறார்.