கண்டனம் மட்டும் கட்டடத்தை நிறுத்தாது

ஜெருசலேமுக்கும் அதன் கிழக்கே உள்ள மாலே அதுமிம் குடியிருப்புக்கும் இடைப்பட்ட நிலத்துக்கு ‘இ-1’ என்று பெயர். அங்கே ஏறக்குறைய 3,400 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு இஸ்ரேல் 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அந்த வீடுகள் எழும்பினால் மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நிலப்பகுதி அறுபடும். கிழக்கு ஜெருசலேம் தனித்துப்போகும். பாலஸ்தீன அரசு என்ற எண்ணத்தையே புதைக்கும் திட்டம் இது என்று இஸ்ரேலிய நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே சொன்னார். இது புதிதாக உருவான திட்டமும் அல்ல. 1990களிலேயே வரையப்பட்டு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடுமையாக எதிர்த்ததால் பல்லாண்டுகள் கிடப்பில் இருந்தது. வாஷிங்டனின் எதிர்ப்பு மறைந்ததும் கோப்பு நகர்ந்துவிட்டது. மற்ற நாடுகளின் கண்டனம் அதைத் தடுக்கவில்லை. குடியேற்றங்கள் குறித்த அரை நூற்றாண்டு வெளியுறவுக் கொள்கையின் பாடம் இதற்குள் அடங்கியிருக்கிறது: இழப்பு ஏதேனும் வரும் என்ற அச்சம் இருந்தபோது கட்டுமானம் தயங்கியது, வெறும் சொல்லாக வந்த எதிர்ப்பைக் கடந்து அது வளர்ந்தது.

சட்டத்தில் தெளிவில்லாததால் இந்த நிலை வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆக்கிரமித்த நாடு தன் குடிமக்களை ஆக்கிரமித்த மண்ணில் குடியமர்த்தக் கூடாது என்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 1967 போர் முடிந்த சில மாதங்களிலேயே, இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், பொதுமக்களைக் குடியேற்றுவது அந்த ஒப்பந்தத்துக்கு முரணானது என்று தம் அரசுக்கே எழுத்தில் தெரிவித்தார். ஐ.நா. பாதுகாப்பு அவை 1979இல் 446ஆம் தீர்மானத்திலும், 2016 டிசம்பரில் 2334ஆம் தீர்மானத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று அறிவித்தது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிப்பு தொடர்வதே சட்டவிரோதம் என்று கருத்துரை வழங்கியது. இத்தனைக்கும் நடுவே, ஆஸ்லோ உடன்பாடு கையெழுத்தான 1993இல், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் ஏறக்குறைய 1.1 லட்சமாக இருந்த குடியேறிகளின் எண்ணிக்கை இன்று 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிழக்கு ஜெருசலேமில் இன்னும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கின்றனர். தீர்மானங்களும் கூடின, வீடுகளும் கூடின.

எதிர்ப்புக்கு விலை இருந்த காலங்களைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 1991இல், சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த யூதர்களைக் குடியமர்த்த இஸ்ரேல் 1,000 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்காவின் உத்தரவாதம் கேட்டது. அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷும் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் குடியேற்றக் கட்டுமானத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்திவைத்தனர். 1992 தேர்தலில் அந்தப் பிணக்கு பெரிய விவாதமானது. பிரதமர் யிட்சாக் ஷமீர் தோற்றார். வெற்றி பெற்ற யிட்சாக் ராபின் புதிய கட்டுமானங்கள் பலவற்றை நிறுத்திய பிறகே உத்தரவாதம் கிடைத்தது. நடந்துவந்த பணிகள் ராபின் காலத்திலும் தொடர்ந்தன என்பது உண்மை. ஆனால் நிபந்தனை முற்றிலும் வீணாகவில்லை. ஐரோப்பாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. தன் ஆராய்ச்சி நிதி குடியேற்றங்களுக்குப் போகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விதி வகுத்தபோது இஸ்ரேலிய அரசு சினந்தது. ஆயினும் தன் ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டு, 2014இல் ‘ஹொரைசன் 2020’ ஆராய்ச்சித் திட்டத்தில் அதே விதியோடு இணைந்தது. அறிவியல் உறவு அறுபடவில்லை. எல்லைக்கோடு மட்டும் தெளிவாயிற்று.

இந்த வழியை உலகம் தொடர்ந்து பின்பற்றவில்லை. அமெரிக்காவின் தடுமாற்றமே பெரும் சேதம் செய்தது. குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2011இல் அது தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. 2016இல் அத்தகைய தீர்மானம் நிறைவேற விலகி நின்றது. 2019இல் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ குடியேற்றங்கள் தம்மளவில் சட்டவிரோதமல்ல என்றார். 2024 பிப்ரவரியில் அதே பதவியிலிருந்த ஆண்டனி பிளிங்கன் அவை சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவை என்றார். அதே மாதம், வன்முறையில் ஈடுபடும் குடியேறிகள் மீது அதிபர் பைடன் விதித்த தடைகளை, 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் நீக்கினார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறக்கூடிய தடைக்காகத் தலைமுறைகளுக்குத் திட்டமிடும் குடியேற்ற இயக்கம் தன் போக்கை மாற்றிக்கொள்ளாது. காத்திருந்தால் போதும் என்று அதற்குத் தெரியும்.

குடியேற்றங்களை நிறுத்த வேண்டும் என்பதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் காசாவைப் பற்றியது. 2005இல் இஸ்ரேல் காசாவின் 21 குடியிருப்புகளையும் கலைத்து, ஏறக்குறைய 8,000 பேரை வெளியேற்றியது. கிடைத்ததோ ஹமாஸின் ஆட்சியும் ராக்கெட்டுகளும், இறுதியில் 2023 அக்டோபர் 7 படுகொலையும் என்கிறார்கள். அந்தக் கொடுமையை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது. இஸ்ரேலியரின் அச்சம் உண்மையானது. ஆனால் காசாவிலிருந்து வெளியேறியது ஒருதலைப்பட்ச முடிவு. பாலஸ்தீன நிர்வாகத்தோடு உடன்பாடு கண்டு எடுத்ததல்ல. எகிப்தோடு 1979இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1982இல் சினாயிலிருந்த யமித் உள்ளிட்ட குடியிருப்புகளை இஸ்ரேல் அகற்றியது. அந்த அமைதி இன்றுவரை நிலைத்திருக்கிறது. மேலும், பாதுகாப்புக்கு ராணுவம் தேவை என்பது ஒரு வாதம். மலைமேல் குடும்பங்களையும் பள்ளிகளையும் கொண்டுபோய் வைப்பது வேறு. அந்தக் குடும்பங்களுக்கே ராணுவம் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

மேற்குக் கரை யூதர்களின் தொன்மையான மண் என்பது இன்னொரு வாதம். ஹெப்ரானோடும் ஜெருசலேமோடும் யூதர்களுக்குள்ள பிணைப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொன்மையான பிணைப்பு, அங்கே தலைமுறைகளாக வாழ்வோரின் நிலத்தையும் உரிமையையும் எடுத்துக்கொள்ளும் பத்திரமாகிவிடாது. எல்லையைப் பேச்சுவார்த்தை தீர்மானிக்கட்டும், வெளிநாடுகள் தலையிட வேண்டாம் என்பதும் கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். பேசித் தீர்க்க வேண்டிய நிலத்தின் மீதே ஒரு தரப்பு அன்றாடம் கட்டிக்கொண்டிருக்கும்போது, மௌனம் நடுநிலையாகாது. கட்டுபவருக்கே அது துணைபோகிறது. குடியேற்றப் பொருள்களைத் தடைசெய்தால் அங்கே வேலை செய்யும் பாலஸ்தீனர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதிலும் உண்மை உண்டு. அதற்கு மாற்று, பாலஸ்தீனர்கள் தங்கள் நிலத்திலேயே தொழில் செய்ய நிதியும் சந்தையும் தருவதுதான். நிலத்தை இழந்தவர் அதே நிலத்தில் கூலிக்கு நிற்பதை நிரந்தரமாக்குவது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்த நாடு இது. 2025 செப்டம்பரில் இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை ஐ.நா. பொது அவையில் ஆதரித்தது. ஆனால் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையைச் செயல்படுத்தக் கோரும் தீர்மானம் 2024 செப்டம்பரில் வந்தபோது, 124 நாடுகள் ஆதரிக்க, விலகி நின்ற 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2025 செப்டம்பரில் இஸ்ரேலோடு முதலீட்டு ஒப்பந்தம் புது தில்லியில் கையெழுத்தானது. இஸ்ரேல் சார்பில் கையொப்பமிட்டவர் ‘இ-1’ திட்டத்தைக் கொண்டாடிய அதே ஸ்மோட்ரிச். இஸ்ரேலோடு உறவே கூடாது என்பதல்ல கோரிக்கை. பாதுகாப்பு, வேளாண்மை, தொழில்நுட்பம் ஆகியவற்றில் இந்தியாவுக்கு நியாயமான நலன்கள் உண்டு. 1967 எல்லைக்குள் இருக்கும் இஸ்ரேலையும் அதற்கு வெளியே எழுந்த குடியேற்றங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. சர்வதேச நீதிமன்றமும் அந்தக் கடமையையே எல்லா நாடுகளுக்கும் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஐரோப்பா அப்படிப் பிரித்தும் உறவைக் காத்துக்கொண்டது, இந்தியாவாலும் முடியும். வணிகம், முதலீடு, ஆராய்ச்சி என எந்த ஒப்பந்தமானாலும், அது குடியேற்றங்களுக்குப் பொருந்தாது என்ற ஒரு வரியைத் தில்லி வலியுறுத்த வேண்டும். இரு நாடுகள் தீர்வில் இந்தியாவுக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்றாக இருக்கும்.